கோபி அக்காவின் விளாம்பழத் தொக்கும் ஐப்பசிக் கறி வறுவலும்

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது. ஐப்பசி பிறந்து வரும் முதல் ஞாயிறு காலையில் திருப்பூரில் கறிக்கடைப் பக்கம் போய்ப் பார்த்தால் எத்தனை வீட்டில் இதே கதை என்று தெரியும். அந்த ஞாயிறுக்காகவே இந்தத் தடவை, கோபிச்செட்டிபாளையம் பக்கம் வீட்டிலேயே பழத்தொக்கு போட்டு விற்கும் ஓர் அக்காவிடம் மூன்று பாட்டில் சொல்லி வைத்தேன்: விளாம்பழம், ஊட்டிப் பேரிக்காய், அன்னாசி. கால் கிலோ 180 ரூபாய். சாயங்கால பஸ்ஸில் போட்டுவிட்டார்.

கறிக்குப் பழமா என்று வீட்டில் சிரித்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் வருஷா வருஷம் நவம்பர் நாலாவது வியாழக்கிழமை முழு வான்கோழியைச் சுட்டு, பக்கத்தில் கிரான்பெரிப் பழத்தைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வைத்து போட்டோ அனுப்புவார், அதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசைதான் இது. கொழுப்புக் கறி நாக்கில் திகட்டாமல் இருக்கப் புளிப்பு வேண்டும், நாம் எலுமிச்சை பிழிகிறோம், அவர்கள் பழத்தைக் காய்ச்சுகிறார்கள், அவ்வளவுதான்.

விளாம்பழத் தொக்கு அபாரம். மூடியைத் திறந்ததுமே அந்த வாசம் கூடத்துக்கு வந்துவிட்டது (பிடிக்காதவர்களுக்கு இது ஒரு எச்சரிக்கை). கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை, வரமிளகாய், பூண்டு, நல்லெண்ணெய், உப்பு, வேறு எதுவும் இல்லை. வினிகர்கூட இல்லை, பழத்தின் புளிப்பே போதும் என்கிறார். முதலில் இனிப்பு, அப்புறம் புளிப்பு, விழுங்கிய பிறகுதான் காரம். நடுநடுவே விதை கடிபடும், அது எனக்குப் பிடித்திருந்தது, மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

கறிக்கு நான் செய்தது இதுதான். வெள்ளாட்டுத் தொடைக்கறி ஒரு கிலோ, பெரிய துண்டாக. மஞ்சள், உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு தடவி இரண்டு மணி நேரம் வைத்து, குக்கரில் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவிட்டு, பிறகு இரும்பு வடைச்சட்டியில் கடலெண்ணெய், கறிவேப்பிலையோடு ஓரம் கருகும் வரை திருப்பித் திருப்பி வறுத்தேன். மசாலாப் பொடி போடவேண்டாம், போட்டால் தொக்கு அடங்கிவிடும். வெளியே மழை, உள்ளே சூடான அரிசிம்பருப்பு சாதம், ஒரு துண்டு கறி, ஓரத்தில் ஒரு கரண்டி தொக்கு. சிரித்தவர்கள்தான் பாட்டிலை முதலில் காலி செய்தார்கள்.

பள்ளிபாளையம் சிக்கனோடும் வைத்துப் பார்த்தேன், வேண்டாம். அதில் ஏற்கெனவே தேங்காய்ப் பல்லும் விதை எடுத்த வரமிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்ந்து ஒரு இனிப்பும் காரமும் இருக்கிறது, தொக்கு அதற்குள் நுழைந்து சண்டைதான் போடுகிறது.

பேரிக்காயில்தான் பிரச்சினை. மூன்றாம் நாளே பாட்டிலுக்குள் நுரை. போன் போட்டு, “ஏனுங்க்கா, பேரிக்காய் நொரச்சுப் போயிருக்குதுங்களே” என்றால், “அந்தப் பழத்துல தண்ணி சாஸ்திங்க கண்ணு, இன்னுங் கொஞ்சம் சுண்ட வெச்சிருக்கோணும், வேற அனுப்பிடறனுங்க” என்றார். மறுபேச்சில்லாமல் அனுப்பியும் விட்டார், அதற்கே ஒரு மார்க். புதிது நன்றாகவே இருந்தது. நறநறவென்று, சுக்கு வாசத்தோடு, வறுத்த நாட்டுக்கோழிக்குப் பொருத்தம். ஆனால் ஃபிரிட்ஜில்தான் வைக்கவேண்டும், பாட்டிலில் அப்படி ஒரு வார்த்தை எழுதி ஒட்டியிருக்கலாம், தேதியும் இல்லை.

அன்னாசி ஜாம்தான், தொக்கு இல்லை. பிள்ளைகள் சப்பாத்திக்குத் தொட்டுத் தீர்த்தார்கள்.

தீபாவளிக்கு விளாம்பழம் இரண்டு சொல்லியாயிற்று. வேண்டுபவர்கள் சீக்கிரம் சொல்லிக்கொள்ளுங்கள், பழம் வரத்து நின்றால் அவரும் நிறுத்திவிடுவாராம்.