ஒரு டெப், ஒரு பெட்டி கட்டை, ஒரு கட்டு யூனோ: ஒரு வருடம் கழித்து

போன மார்கழி லீவுக்கு அக்காவின் மூன்று பிள்ளைகளுக்கும் பரிசு வாங்கவென்று யாழ்ப்பாணம் ரவுணுக்குள் இரண்டு நாள் அலைந்தேன். மூத்தவனுக்கு அப்போது பதினொரு வயது, நடுவிலாளுக்கு எட்டு, கடைசிக்கு இரண்டரை. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா காசை அனுப்பிவிட்டு, "மூண்டு பேருக்கும் ஆளுக்கொரு டெப் வாங்கிக் குடு, இந்தக் காலத்துப் பிள்ளையள் வேற என்னத்தைக் கேக்குதுகள்" என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூத்தவனுக்கு மட்டும் டெப் வாங்கி, மிச்சக் காசுக்கு விளையாட்டுச் சாமான்கள் வாங்கினேன். இப்போது ஒரு வருடம் ஓடிவிட்டது. எது இன்னும் பிள்ளைகளின் கையில் இருக்கிறது, எது அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது என்று கண்ணால் பார்க்க முடிகிறது. இந்த லீவுக்கு வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் டெப், அதாவது டாப்லெட். சாம்சங் கலக்ஸி டெப் ஏ9, ஏ9 பிளஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2023 கடைசியில் வந்தவை இவை. இப்போது கடைகளில் அடுத்து வந்த ஏ11 உம் இருக்கும், அதுவும் ஏ9 போல 8.7 அங்குலம்தான், ஆகவே கீழே நான் அளவைப் பற்றிச் சொல்வது அதற்கும் பொருந்தும். ஏ9 கைக்கு அடக்கமானது, 332 கிராம். பிளஸ் 11 அங்குலம், கிட்டத்தட்ட அரைக் கிலோ. "சின்னப் பிள்ளைக்குச் சின்னது காணும் அக்கா" என்று கடைக்காரத் தம்பி சொன்னார், விலையைப் பார்க்க எனக்கும் அதுதான் சரி போல இருந்தது. ஆனால் போகும்போதே தரம் 6 விஞ்ஞானப் புத்தகத்தின் பிடிஎஃப்பை என் போனில் இறக்கி வைத்திருந்தேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அரச பாடநூல்களைத் தமிழிலும் தன் இணையத்தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, இது இன்னும் நிறையப் பெற்றோருக்குத் தெரியாது. அந்தப் பிடிஎஃப்பை இரண்டு டெப்பிலும் திறந்து காட்டச் சொன்னேன். சின்னதில் ஒவ்வொரு பந்தியையும் விரலால் பெருப்பித்து, பிறகு அப்படியும் இப்படியும் தள்ளித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. பெரியதில் ஒரு பக்கம் முழுதாகத் தெரிந்தது, படத்துக்குக் கீழே உள்ள பொடி எழுத்துக் கூட. சின்னதன் திரை 1340க்கு 800 புள்ளிகள், பெரியதன் திரை 1920க்கு 1200. பெட்டியில் இந்த எண்களை வாசித்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அந்த விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்த பிறகுதான் விளங்கியது.

பெரியதையே வாங்கினேன். படிப்புக்கென்று வாங்குகிறவர்கள் இரண்டாம் யோசனை இல்லாமல் பெரியதை எடுக்கலாம். படம் பார்க்கவும் விளையாடவும் மட்டும் என்றால் சின்னது போதும், ஆனால் அதற்கு வீட்டில் ஏற்கெனவே போன் இருக்கிறதே. வேகத்துக்கான நினைவகம் (ராம்) 4 ஜிபியும் சேமிக்கும் இடம் 64 ஜிபியும் உள்ளது ஒன்று, 8 உம் 128 உம் இன்னொன்று. நான் எடுத்தது குறைந்தது, ஒரு வருடத்தில் அது கொஞ்சம் இழுக்கத் தொடங்கிவிட்டது, திரும்ப வாங்குவதென்றால் 8 ஜிபி தான் எடுப்பேன். இடம் போதாமல் போனால் மெமரி கார்ட் போட்டுச் சமாளிக்கலாம், வேகத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை.

வாரண்டி விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். ஒரே டெப்பை ஒரு கடையில் ஒரு விலைக்கும் நாலு கடை தள்ளிக் குறைந்த விலைக்கும் சொன்னார்கள். "இது கொம்பனி வாரண்டியோ, கடை வாரண்டியோ?" என்று நேராகக் கேட்டதும் வித்தியாசம் வெளியில் வந்தது. விலை குறைந்தது கடை வாரண்டி. அதாவது பழுதானால் அந்தக் கடைக்காரரே ஆரையாவது பிடித்துத் திருத்தித் தருவார். எங்கள் ஒழுங்கைக்குள் ஒருவர் அப்படி வாங்கி, ஐந்தாம் மாதம் திரை கோடு கோடாகிப் போக, கடைக்குப் போனால் கடையே இடம் மாறியிருந்தது. நான் கொம்பனி வாரண்டி உள்ளதை எடுத்து, சீரியல் இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்து, அதைப் படம் பிடித்தும் வைத்தேன். கவரையும் கண்ணாடியையும் அதே நாளே போட்டுவிடுங்கள். எங்கள் டெப் இதுவரை மூன்று முறை சீமெந்து நிலத்தில் விழுந்தது, கவர்தான் அதைக் காப்பாற்றியது.

அடுத்தது, என்னளவில் எல்லாவற்றையும் விட முக்கியமானது. பெட்டியின் ஸ்ரிக்கரைக் கிழிக்காமல் அப்படியே பரிசுத்தாள் சுற்றிக் கொடுப்போம், அதுதான் அழகு என்று அக்கா சொன்னார். நான் மறுத்துவிட்டேன். ஒரு மாலை முழுக்க இருந்து அதைத் தயார் செய்து, அதற்குப் பிறகுதான் தாளில் சுற்றினேன். கூகுள் ஃபமிலி லிங்க் மூலம் பிள்ளையின் பெயரில் கணக்குத் திறந்து அக்காவின் போனோடு இணைத்தேன். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணிக்குப் பூட்டுப்பட வேண்டும், எந்தச் செயலியை இறக்கலாம் என்பதெல்லாம் இப்போது அக்காவின் கையில். புதுச் செயலி வேண்டுமென்றால் அவன் கேட்பான், அக்காவின் போனுக்கு வரும், அவர் பார்த்து விடுவார். பிறகு தமிழ் விசைப்பலகையைப் போட்டு, பாடநூல்களை இறக்கி, கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான ஈ-தக்சலாவவை முகப்பில் வைத்தேன். முதல் நாளிலேயே இந்த வரையறையோடு கையில் கொடுத்தால் பிள்ளைக்கு டெப் என்றால் அப்படித்தான். இரண்டு கிழமை கட்டில்லாமல் விட்டுவிட்டுப் பிறகு பூட்டுப் போட்ட வீடுகளில் நடக்கிற அழுகையை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் டெப் வாங்கித் தருவேன் என்று தரம் 5 பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலு புள்ளி குறைந்து ஒரு கிழமை சாப்பிடாமல் இருந்தது.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணா குடும்பத்தோடு வந்தபோது, நடுவிலாளுக்கென்று அமேசன் ஃபயர் டெப் ஒன்று கொண்டு வந்தார், பிள்ளைகளுக்கானது, தடித்த உறையும் நிற்க வைக்கும் காலும் உள்ளது. சாமான் நல்ல பலம். ஆனால் வெளிநாட்டிலிருந்து "என்ன கொண்டு வாறது?" என்று கேட்கும் உறவுகளிடம் இதைச் சொல்லுங்கள்: ஃபயரில் கூகுளின் பிளே ஸ்ரோர் இல்லை. அமேசனின் கடையில் உள்ளது மட்டும்தான் அதில் இறங்கும், எங்கள் பிள்ளைகள் பயன்படுத்தும் பல தமிழ்ச் செயலிகளை அதில் தேடி எடுக்க முடியவில்லை. உடைந்தால் இரண்டு வருடத்துக்குள் மாற்றித் தருவோம் என்று அதன் பெட்டியில் இருக்கும், அந்த உறுதிமொழிதான் அங்கே அதன் பெரிய கவர்ச்சி, ஆனால் யாழ்ப்பாணத்தில் உடைந்ததை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? அந்தக் காசுக்கு இங்கேயே வாங்குவது மேல்.

அண்ணா கொண்டு வந்த இன்னொன்று, தண்டவாளத்தில் கார் ஓடும் செட். பெட்டியைப் பிரித்துப் பூட்டி, மூன்று பிள்ளைகளும் சுற்றியிருக்க, கொழுவிய உடனே அடப்டரிலிருந்து புகை வந்தது. கனடாவில் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. போன் சார்ஜர்கள் அநேகமாக இரண்டுக்கும் ஏற்றவை, அவற்றின் முதுகில் இன்புட் 100-240 வோல்ட் என்று பொறித்திருக்கும். வெறும் 120 என்று மட்டும் இருந்தால் சுவரில் கொழுவவே வேண்டாம். அந்த இடத்தில் சின்னவளின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

இனி விளையாட்டுச் சாமான். கடைசிக்கென்று ரவுணில் ஒரு கடையில் பாட்டுப் பாடுகிற பிளாஸ்ரிக் போன் ஒன்று வாங்கினேன், மலிவுதான், பிள்ளைக்கு நல்ல விருப்பம். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் பற்றரி மூடிக்கு ஆணி இல்லை, நகத்தால் தள்ளக் கழன்றது, உள்ளே மூன்று பொத்தான் பற்றரி. அன்றே வாங்கி மேலே வைத்துவிட்டேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொத்தான் பற்றரியைக் குழந்தை விழுங்கி அது தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் அதன் மின்னோட்டம் காரத்தை உண்டாக்கி, இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே சதையைச் சுட்டுவிடும். மோசமானவை பெரிய வட்டப் பற்றரிகள். சீஆர்2032 என்ற பெயரே 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்றுதான் சொல்கிறது, சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கப் போதுமான அளவு. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே காத்திராமல் போதனா வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். வாங்கும்போதே திருப்பிப் பாருங்கள், மூடி ஸ்குரூ ஆணியால் பூட்டியிருக்க வேண்டும். அதேபோல 0-3 என்று எழுதி ஒரு முகத்தைக் குறுக்கே வெட்டிய அடையாளம் பெட்டியில் இருந்தால் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வேண்டாம். விளையாட்டுச் சாமான்களின் பாதுகாப்புச் சோதனையில் சின்னத் துண்டுகளைப் போட்டுப் பார்க்கும் குழாயின் அகலம் 31.7 மில்லிமீற்றர், அதற்குள் போகிற எதுவும் பிள்ளையின் மூச்சை அடைக்கலாம்.

அந்தப் போனுக்குப் பதிலாக, ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவரிடம் அண்ணா கொடுத்துவிட்ட டூப்லோ பெட்டியைக் கொடுத்தேன். லெகோ கொம்பனி ஒன்றரை வயதிலிருந்து விளையாடச் செய்கிற பெரிய கட்டைகள், நீளம், அகலம், உயரம் மூன்றிலும் வழமையான லெகோவின் இரண்டு மடங்கு. ஒரு வருடமாக அது தினமும் நிலத்தில் கிடக்கிறது. கோபுரம், மாட்டுக் கொட்டில், போன மாதம் நல்லூர்த் தேர். இரண்டு வகையும் ஒன்றோடொன்று பூட்டுப்படும், ஆகவே பிள்ளை வளர்ந்தாலும் இவை கழிபடா. 1958 இல் வடிவமைத்த கட்டையோடு இன்று வாங்கும் கட்டையும் பூட்டுப்படும் என்பதுதான் லெகோவில் எனக்குப் பிடித்த விஷயம்.

நடுவிலாளுக்கு இங்கே வாங்கியது லெகோ போன்ற வேறொரு செட். பெட்டிப் படம் அச்சொட்டாக அதேதான், விலையோ அதன் பக்கத்திலும் வராது. சில கட்டைகள் பூட்டுப்படாமல் வழுகின, சிலதைப் பூட்டினால் பல்லால்தான் கழற்ற வேண்டும், ஒரு மாதத்தில் அவள் விட்டுவிட்டாள். அசலில் ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோ என்று பொறித்திருக்கும், அதைத் தடவிப் பாருங்கள். அசல் வாங்கக் கட்டுப்படாவிட்டால் பெரிய போலிப் பெட்டியை விடச் சின்ன அசல் பெட்டி நல்லது.

ஒருவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது யூனோ. மிச்சச் சில்லறைக்கு எடுத்த ஒரு கட்டு கார்ட். 1971 இல் அமெரிக்காவில் ஒரு முடிதிருத்துநர் தன் வீட்டாரோடு விளையாட உருவாக்கியதாம். மாரி மழை விடாமல் பெய்து, கரண்டும் போய், டெப்பின் சார்ஜும் இறங்கிப்போன அந்த மூன்று நாளும் அம்மம்மாவிலிருந்து நடுவிலாள் வரை பாயில் வட்டமாக இருந்து விளையாடினார்கள். அம்மம்மாவுக்கு எண் தெரியும், நிறம் தெரியும், அவ்வளவும் போதும். "நாலைக் கூட்டி எடு" என்று அவர் கார்ட்டை அடிக்கும்போது பிள்ளைகள் போட்ட சத்தம் ஒழுங்கை வரைக்கும் கேட்டது. அந்தக் கட்டு இப்போது ஓரம் கிழிந்து கிடக்கிறது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.

இந்த முறை மூத்தவனிடம் என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டேன். பட்டம் என்றான். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியை டெப்பில் பார்த்திருக்கிறான், காற்றில் ஒலி எழுப்பும் விண் பூட்டி இரவிரவாகக் கூவ விடுகிற பெரிய கொக்குப் பட்டம் தானும் கட்ட வேண்டுமாம். அதற்கு வேண்டிய மூங்கிலும் ரிசுத்தாளும் நூலும் சேர்ந்து டெப்பின் கவர் விலைக்குக் கூட வராது. ஆனால் முச்சை, அதாவது பட்டத்தை நூலோடு இணைக்கிற கட்டு, கட்டத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், சரியாகக் கட்டாவிட்டால் பட்டம் சுற்றிச் சுற்றித் தலைகீழாக விழும். பின் வீட்டு மாமா பருத்தித்துறைப் பக்கம், சின்ன வயதில் அவரே போட்டிக்குக் கட்டியவராம். சனிக்கிழமை பின்னேரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மூங்கிலை இரண்டு நாள் முந்தியே பிளந்து காய வைக்கச் சொன்னார்.