ஏஜென்சி அசையாவிட்டால்: ஓம்பட்ஸ்மனா, கவுன்சிலா, கோர்ட்டா?

இங்கிலாந்தில் ஏஜென்சி மூலம் எடுத்த வாடகை வீடு. அலமாரியை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் விட்டுவிட்டு அணைகிறது. ஏஜென்சிக்கு ஈமெயில் மேல் ஈமெயில் போகிறது. "ஜன்னலைத் திறந்து வையுங்கள், துணியை உள்ளே காயப்போடாதீர்கள்" என்று பதில் வருகிறது. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு, சமையல் ஆவிதான் காரணம் என்ற விளக்கமும் இலவசமாகக் கிடைப்பதுண்டு.

இதற்கு மேல் எங்கே போவது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எந்த வழியானாலும் முதலில் இரண்டு பேரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டைப் பழுதுபார்க்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. ஏஜென்சி அவருடைய ஆள். பாய்லர் கெட்டது வீட்டுக்காரர் கணக்கு. சொல்லியும் கிடப்பில் போட்டது ஏஜென்சியின் கணக்கு. இரண்டையும் ஒரே இடத்தில் தீர்க்க முடியாது.

ஏஜென்சியின் கணக்கைத் தீர்க்கும் இடம் ஓம்பட்ஸ்மன், அதாவது புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர். 2014 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் ஒவ்வொரு வாடகை ஏஜென்சியும் அரசு அங்கீகரித்த குறைதீர்ப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும். புகாருக்குக் காசில்லை. ஆனால் முதலில் ஏஜென்சிக்கே எழுத்தில் முறையிட்டு, 8 வாரம் வரை அவகாசம் கொடுக்க வேண்டும். இழப்பீடு 25,000 பவுண்டு வரை விதிக்கலாம் என்று விதி இருக்கிறது. கைக்கு வருவது பெரும்பாலும் அதற்கு வெகு கீழே. பெரிய குறை ஒன்று: பாய்லரை மாற்று என்று வீட்டுக்காரருக்கு உத்தரவிட இவர்களுக்கு அதிகாரம் இல்லை. பட்ட பாட்டுக்குப் பணம் கேட்கலாம். இன்றைய குளிருக்கு உதவாது.

கவுன்சில், அதாவது உள்ளாட்சி, அப்படியில்லை. 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி வீட்டிலுள்ள ஆபத்துகளை 29 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஈரம், பூஞ்சை, கடுங்குளிர், கார்பன் மோனாக்சைடு, மின்சாரம், தீ, வழுக்கும் படிக்கட்டு எல்லாம் அதில் வரும். அதிகாரி வந்து பார்த்து, முதல் வகை, அதாவது மிகக் கடுமையான ஆபத்து என்று மதிப்பிட்டுவிட்டால், நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கடமை, விருப்பம் அல்ல. சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் போகும். உடனடி ஆபத்து என்றால் கவுன்சிலே ஆளை அனுப்பி வேலையை முடித்துவிட்டு, செலவை வீட்டுக்காரரிடம் வசூலிக்கலாம். நமக்குச் செலவே கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. சில கவுன்சில்களில் அதிகாரி வருவதற்குள் பூஞ்சை அடுத்த அறைக்குப் போய்விடும். இழப்பீடும் கிடையாது. ஆனால் ஒரு பக்கவாட்டு வழி இருக்கிறது. ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் கவுன்சில் 2013இலேயே பகுதி முழுக்க வாடகை வீடுகளுக்கு உரிமம் கட்டாயம் என்று கொண்டுவந்தது. பல கவுன்சில்கள் பின்தொடர்ந்தன. உங்கள் வீட்டுக்கு உரிமம் தேவையா, எடுத்திருக்கிறார்களா என்று கவுன்சிலின் பதிவேட்டில் பாருங்கள். தேவைப்பட்டும் எடுக்கவில்லை என்றால், கட்டிய வாடகையில் ஓராண்டு வரை, 2025ஆம் ஆண்டின் புதிய சட்டப்படி இரண்டாண்டு வரை, தீர்ப்பாயத்தில் திருப்பிக் கேட்கலாம்.

புகார் செய்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான். காரணமே சொல்லாமல் வெளியேற்றும் 21ஆம் பிரிவு நோட்டீஸை, அதே 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 மே 1 முதல் ஒழிக்கிறது.

மூன்றாவது கோர்ட். மனிதர் குடியிருக்கத் தகுதியில்லாத வீட்டை வாடகைக்கு விட்டால் குடியிருப்பவரே வழக்குப் போடலாம் என்று 2018இல் சட்டம் வந்து, 2019 மார்ச்சில் அமலுக்கு வந்தது. வேலையைச் செய்யச் சொல்லும் உத்தரவும் இழப்பீடும் ஒரே இடத்தில் கிடைக்கும். பலம் அதுதான். ஆனால் வழக்குக்கு முன் அனுப்பும் கடிதம், அதற்குப் பதில் சொல்ல 20 வேலை நாள், கட்டடத்தைப் பார்வையிடும் சர்வேயரின் அறிக்கை என்று மாதக்கணக்கில் இழுக்கும். அரசு செலவில் வக்கீல் கிடைப்பது உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கடும் ஆபத்து இருந்தால்தான். வழக்கு வீட்டுக்காரர் மேல் என்பதால் அவர் பெயரும் முகவரியும் வேண்டும். ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். 21 நாளுக்குள் தராவிட்டால் அது குற்றம். நிலப்பதிவு அலுவலக இணையதளத்தில் 7 பவுண்டு கட்டியும் உரிமையாளர் பெயரை எடுக்கலாம்.

என்னைக் கேட்டால், ஆபத்து இருக்கும்வரை கவுன்சில்தான் முதலில். கூடவே ஏஜென்சிக்கு எழுத்துப் புகாரையும் போட்டு 8 வாரக் கடிகாரத்தை ஓட விட்டுவிடலாம். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது. கவுன்சில் கைவிட்டுவிட்டால் அதன்பிறகு கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் கோர்ட்டுக்குப் போன விஷயத்தை ஓம்பட்ஸ்மன் தொட மாட்டார். கேஸ் வாடை வந்தால் மட்டும் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். 0800 111 999க்குப் போன் போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

எங்கே போனாலும் கேட்கப்போவது காகிதம். கேஸ் பரிசோதனைச் சான்று ஆண்டுக்கொரு முறை, மின்சாரப் பரிசோதனை அறிக்கை 5 ஆண்டுக்கொரு முறை எடுத்திருக்க வேண்டும். கேஸ் சான்றில் பரிசோதனைத் தேதியையும் பொறியாளரின் பதிவு எண்ணையும் பாருங்கள். அந்த எண்ணை, கேஸ் வேலை செய்யத் தகுதிபெற்றவர்களின் கேஸ் சேஃப் பதிவேட்டில் தட்டிப் பார்த்தால் ஆள் உண்மையா என்று தெரிந்துவிடும். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2022 அக்டோபர் முதல் கட்டாயம். அது இல்லாத சுவரை போட்டோ எடுத்து கவுன்சிலுக்கு அனுப்பினால், பத்து வரி புகாரைவிட வேகமாக வேலை செய்யும்.

வாடகையை நிறுத்திவிடு, தானாக ஓடி வருவார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அதை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. புதிய விதிப்படி நிலுவை மூன்று மாதத்தைத் தொட்டு, விசாரணை நாளிலும் அப்படியே நின்றால், பழுதுக்கான இழப்பீட்டை எதிர்வழக்கில் கேட்டு அந்த நிலுவையைக் குறைக்காதவரை நீதிபதி வீட்டை அவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லியே ஆகவேண்டும்.