"சுங்குடி கல்வாழை"ன்னு யாராவது வித்தா வாங்காதீங்க, எனக்கு 11,400 ரூபாய் போச்சு

கை நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கங்க. வித்தவன் நேத்து ராத்திரிதான் என்னை பிளாக் பண்ணினான்.

மதுரைல மாடித்தோட்டம் வச்சிருக்கேன். கூடவே கொஞ்சம் நாத்து, தொட்டிச் செடின்னு அக்கம்பக்கத்துல விக்கிறேன். பெரிய வியாபாரம் இல்ல, சீட்டுப் பணத்துக்கு ஆகும். ஆடி மாசம் ஒரு செடி விக்கிற குழுவுல ஒரு வீடியோ வந்துச்சு. கல்வாழை. நம்ம ஊர்ல சாக்கடை ஓரத்துல கேப்பாரில்லாம நிக்குமே, அதேதான். ஆனா இலை முழுக்க மஞ்சப் புள்ளி, மஞ்சக் கீத்து. "மதுரைக்காரவுகளுக்காக சுங்குடி கல்வாழை, அபூர்வ வேரிகேட்டட் ரகம்"னு எழுதியிருந்தான். வேரிகேட்டட்னா இலையில ரெண்டு நிறம் கலந்து இருக்கிறது. சுங்குடி, எங்க ஊர்ப் புள்ளி போட்ட சேலையாச்சே, பேர்லயே விழுந்துட்டேன். கிழங்கு ஒண்ணு 300 ரூபாய்.

போன் பண்ணினேன். வீடியோ கால்லயே தோட்டத்தைக் காட்டினான். ஒரு இலையைப் பிடிச்சு வெயிலுக்கு நேரா தூக்கிக் காட்டினான் பாருங்க, உண்மையாவே சேலையை விரிச்ச மாதிரி இருந்துச்சு. பின்னால அவங்க அம்மா "டேய், சாப்பிட வா"ன்னு கூப்பிடுறது கேட்டுச்சு. "அக்கா, பாதி போடுங்க போதும், செடி கைக்கு வந்ததும் மீதி போடுங்க. நம்ம ஊர்க்காரவுக வேற"ன்னான். அந்த ஒரு வார்த்தைதான். ஏமாத்துறவன் முழுப் பணமும் முன்னாடியே கேப்பான்னு நான் நினைச்சிருந்தேன். நோய் இல்லாத கிழங்கான்னு கேட்டதுக்கு, "எங்கம்மா மேல சத்தியமா"ன்னான். ஹாலந்துல கோடு விழுந்த டுலிப் பூவுக்கு ஒரு காலத்துல வீட்டு விலை கொடுத்தாங்க அக்கா, கோடு இருந்தாத்தான் மதிப்புன்னு கதை வேற சொன்னான்.

38 கிழங்கு. 11,400 ரூபாய். பேப்பர்ல சுத்தி, தென்னை நார்த்தூள் போட்டு, பார்சல் பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. மீதிப் பணத்தையும் அன்னைக்கே போட்டுவிட்டேன். சில கிழங்கு பெருசா இருந்துச்சு, வெட்டி ரெண்டாக்கி நட்டேன். அதே கத்தியால சோழவந்தான்ல இருந்து எங்கம்மா குடுத்த சிவப்புக் கல்வாழையையும் பிரிச்சு நட்டேன். இதைப் பின்னால சொல்றேன்.

மூணு வாரத்துல இலை விட்டுச்சு. புள்ளி வந்துச்சு. சந்தோஷத்துல படம் எடுத்து அவனுக்கே அனுப்பி நன்றி சொன்னேன், என்னை என்ன சொல்ல!

ரெண்டாம் மாசம் ஆரம்பிச்சது. மஞ்சக் கீத்து இருந்த இடமெல்லாம் பழுப்பாகி, நரம்பு ஓரமா காகிதம் மாதிரி காய்ஞ்சு கிழிய ஆரம்பிச்சது. நெஞ்சு உயரம் வரணும், முழங்கால்லயே நின்னுபோச்சு. குருத்து விரியாம முறுக்கிக்கிச்சு. நாலே நாலு தொட்டியில பூ வந்துச்சு. செவப்புல திட்டுத் திட்டா வெளுத்து, கொதிதண்ணி பட்ட தோல் மாதிரி.

அவன்கிட்ட கேட்டேன். முதல் பதில், "இரும்புச் சத்துக் குறைவு அக்கா." வாங்கிப் போட்டேன். அப்புறம் "எப்சம் உப்பு". போட்டேன். அப்புறம் "வேப்பெண்ணெய் அடிங்க". அடிச்சேன். அப்புறம் "மதுரை வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்". இதே ஊர்க்காரன்னு சொல்லித்தானே வித்தான்! கடைசியா "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா? இல்லைனா நாங்க பொறுப்பில்ல". அதுவரைக்கும் "நான்", பணம்னு வந்ததும் "நாங்க". குழு நடத்துறவங்ககிட்ட முறையிட்டா, "வாங்குறவர் விக்கிறவர் நடுவுல நாங்க வரமாட்டோம் சிஸ்டர்"னு ஒரு கும்பிடு பொம்மை.

என் நாத்தனார் மகன் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில படிக்கிறான். ஞாயித்துக்கிழமை வந்தவன் மாடிக்கு ஏறினதும் சிரிச்சுட்டான். "அத்தை, இது டிசைன் இல்ல, தேமல். வைரஸ்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா எங்கப்பா உளுந்து போட்டவர். மஞ்சத் தேமல் விழுந்த செடியைக் கண்டா அடுத்த நிமிஷம் வேரோட பிடுங்கிருவார், "வெள்ளை ஈ கொண்டுபோய் மத்ததுக்கும் வச்சிரும்"பார். அந்த வரப்புல நடந்து வளந்தவ நான். உளுந்துல இருந்தா நோய், தொட்டியில இருந்தா அழகுன்னு 11,400 ரூபாய் குடுத்து வாங்கியிருக்கேன்.

நாத்தனார் மகன் ஒவ்வொரு தொட்டியா உக்காந்து காட்டினான். நிஜமாவே கோடு உள்ள கல்வாழை ரகம் உண்டாம், பெங்கால் டைகர்னு. அதுல கோடு நடு நரம்புல இருந்து ஓரத்துக்கு சீப்பால வாரின மாதிரி ஒரே சீரா ஓடும், எல்லா இலையிலயும் அப்படியே இருக்கும், செடியும் நல்லா வளரும். வைரஸ்ல ஒழுங்கு இருக்காது. ஒரு இலை முழுக்கப் புள்ளி, அடுத்தது பாதி சுத்தம், அதுக்கடுத்தது பழுப்பு. சத்துக் குறைவும் இப்படி வராதாம். இரும்பு குறைஞ்சா புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், மெக்னீசியம் (எப்சம் உப்புல இருக்கிறது அதுதான்) குறைஞ்சா அடி இலையில ஆரம்பிக்கும். ரெண்டுமே உரம் போட்டா புது இலையில தெளியும். இது தெளியாது. என்ன வைரஸ்னு பேர் சொல்லணும்னா எலைசா, பிசிஆர்னு ஆய்வகத்துலதான் பார்க்கணும், கல்வாழைக்கு ஒண்ணுக்கு மேல இருக்கு, ரெண்டு மூணு சேர்ந்தும் வரும்னான். ரோஜாவுலயும் இலையில மஞ்சளா வளைஞ்சு வளைஞ்சு கோடு போடுற தேமல் இருக்காம், ஒட்டுக் கட்டும்போதே வந்துருமாம்.

மருந்து? கிடையாது. கிழங்குக்குள்ளயே இருக்கு, அதைப் பிரிச்சு நட்டா நோயையும் பிரிச்சு நடுறோம். இதுல சில வைரஸை சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி அசுவினியும் கொண்டுபோகும், கத்தியில ஒட்டுற சாறும் கொண்டுபோகும். அசுவினி ஒரு தடவை குத்தினாலே போதும், நாம அடிக்கிற வேப்பெண்ணெய் வேலை செய்யறதுக்குள்ள காரியம் முடிஞ்சிரும். இதைக் கேட்டுட்டு அம்மா குடுத்த செவப்பைத் திருப்பிப் பார்த்தேன். குருத்துல மெலிசா மஞ்சக் கீத்து. மூணு தொட்டியில.

அப்புறம் அந்த டுலிப் கதை. அதையும் கேட்டேன். அந்தக் கோடும் அசுவினி பரப்பின வைரஸ்தானாம். கிழங்கு வருஷா வருஷம் நலிஞ்சு போகுமாம். 1637ல அந்தச் சந்தையே விழுந்து பல பேர் கையைச் சுட்டுக்கிட்டாங்களாம். பாவி, நோயைத்தான் விக்கிறேன்னு என்கிட்ட நேராவே சொல்லியிருக்கான், எனக்குத்தான் உறைக்கல.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு படத்தோட விளக்கமா எழுதத்தான் உக்காந்தேன், மனசு ஓடல. சுருக்கமா: கோடு, புள்ளி உள்ள செடின்னா ஒரு இலையை நம்பாதீங்க, முழுச் செடியையும், பூவையும் காட்டச் சொல்லுங்க. புதுச் செடியை ஒரு மாசமாவது தனியா வைங்க. ஒவ்வொரு செடிக்கும் நடுவுல கத்தியை ப்ளீச்சிங் கரைசல்ல முக்குங்க. பார்சலை வீடியோ எடுத்துட்டுப் பிரிங்க. பாதிப் பணம் போதும்னு சொன்னா நல்லவன்னு அர்த்தம் இல்ல.

38 கிழங்கு, வெட்டினது சேர்த்து 51 தொட்டி, எல்லாத்தையும் பிடுங்கி சாக்குல கட்டியாச்சு. அம்மாவோட மூணு தொட்டியும் அதுக்குள்ளதான் இருக்கு, அவங்களுக்கு இன்னும் சொல்லல. இன்னைக்குக் காலைல நாத்தனார் போன்ல பார்த்தேன். அதே வீடியோ, அதே இலை, அதே வெயில். விலை 350.