தரங்கம்பாடியா, தனுஷ்கோடியா?

கடல் பார்க்க எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் என் வாயில் முதலில் வருவது இந்த இரண்டு ஊர்கள்தான். இரண்டுமே கடல் தின்ற ஊர்கள். தனுஷ்கோடியை ஒரே ராத்திரியில் விழுங்கிவிட்டது, தரங்கம்பாடியை நூற்றாண்டுக் கணக்கில் ஓரத்திலிருந்து கொறித்துக்கொண்டிருக்கிறது.

காட்சி என்று எடுத்துக்கொண்டால் போட்டியே கிடையாது, தனுஷ்கோடிதான். ராமேஸ்வரத்திலிருந்து போகிற சாலையின் கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் கடல். வங்காள விரிகுடா பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடா பக்கம் ஆண் கடல் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஒரு பக்கம் அலையே இல்லாமல் கிடக்க, மறுபக்கம் கரையைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கும், காற்று திசை மாறும் மாதங்களில் இந்தக் குணமும் இடம் மாறும். 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் சாலை வந்துவிட்டது. அதற்கு முன்பு மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கி வேனில்தான் போக வேண்டும். இப்போது கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன, அசோகத் தூணைச் சுற்றி செல்ஃபி கூட்டம்.

முனையைவிட எனக்குப் பிடித்தது வழியில் இருக்கும் பழைய சர்ச். கூரை இல்லை, சுவர்தான் மிச்சம். கிட்டே போய்ப் பாருங்கள், அது பவளக்கல். ஒவ்வொரு கல்லிலும் பொடிப்பொடியாக ஓட்டைகள், சில இடங்களில் நட்சத்திர வடிவம்கூட அப்படியே தெரியும். கடலுக்குள்ளிருந்து எடுத்து வந்து கட்டியதைக் கடலே வந்து இடித்திருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரோடு சேர்த்து, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் போய்விட்டது, அதில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. 1914-லிருந்து ரயிலில் இங்கே வந்து இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னார் போய்க்கொண்டிருந்த காலம் அத்தோடு முடிந்தது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு அந்த இடிபாட்டுக்குப் பக்கத்தில் சங்கு மாலை பேரம் பேசுவது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மீனவக் குடும்பங்களுக்கு அதுவும் பிழைப்பு, குறை சொல்ல முடியாது.

சரி, தரங்கம்பாடி. இங்கே வாய் பிளக்க வைக்கும் காட்சி எதுவும் இல்லை. 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அதன் முன்னால் அகலமாக ஒரு திடல், அப்புறம் கடல், அவ்வளவுதான். 1845-இல் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கோட்டைக்கு வடக்கே கரையை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் கரை நெடுகக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல் மேல் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. ஒரு பக்கம் வலையைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார்கள், பசங்க திடலில் கிரிக்கெட் ஆடுவார்கள், நம்மை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

இங்கே ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது என்று ஒரு பெருமை உண்டு. அதை நம்ப வேண்டாம், ஓசோனைச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். நாம் கடல் வாசனை என்று இழுத்து விடுவது பெரும்பாலும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் ஒரு கந்தகச் சேர்மம். காற்று நன்றாக இருக்கிறது, அது போதும்.

குளிக்க இரண்டுமே லாயக்கில்லை. அரிச்சல்முனையில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும், தரங்கம்பாடியில் கல் கிழிக்கும்.

தங்குவதில் தரங்கம்பாடி ஜெயிக்கிறது. கடலைப் பார்த்தபடி ஒரு பழைய பங்களாவே விடுதியாக இருக்கிறது, விடியற்காலை எழுந்தால் நாலு எட்டில் கரை. தனுஷ்கோடியில் பொழுது சாயும் முன்னே எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள். நிழல் என்ற பேச்சே கிடையாது, மே மாத மதியத்தில் போய் நின்றால் பத்து நிமிஷத்தில் வண்டியைத் தேடுவீர்கள்.

இரண்டையும் பார்க்காதவர் என்றால் யோசிக்காமல் தனுஷ்கோடி போகலாம். ஆனால் அதை ஒரு முறை பார்த்தாயிற்று என்றால் அடுத்த தடவை புதிதாக எதுவும் கிடைப்பதில்லை, கூட்டம்தான் கூடியிருக்கும். நான் திரும்பத் திரும்பப் போவது தரங்கம்பாடிக்குத்தான். மழைக்காலத்தில் தனுஷ்கோடி கிளம்புகிறவர்கள் மட்டும் விசாரித்துவிட்டுப் போங்கள், காற்று பலமாக இருந்தால் வழியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.