உச்சிப்புளியில் டூப்ளெக்ஸா, தனி வீடா?

ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளியில் இரண்டிலும் இருந்து பார்த்தாயிற்று. டூப்ளெக்ஸ் என்றால் உள்ளேயே படிக்கட்டு வைத்த இரண்டு தள வீடு; நாங்கள் இருந்தது நான்கு குடும்பம் சேர்ந்த கட்டடத்தில். தனி வீட்டில் முற்றமும் முருங்கையும் உண்டு. ஆனால் போர் தண்ணீர் உப்புக் கரித்தது, குடிக்கக் குடம் குடமாக வாங்கினோம். டூப்ளெக்ஸில் பொதுத் தொட்டிக்கு லாரித் தண்ணீர் வந்துவிடும், செலவை நான்கு குடும்பம் பங்கு போடும். பெரிய நிம்மதி.

உப்புக்காற்று இரண்டையும் விடாது. ஜன்னல் கம்பியில் பெயிண்டைச் சுரண்டினால் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். தனி வீட்டில் நானே பெயிண்ட் அடித்துவிடுவேன். டூப்ளெக்ஸில் மொட்டைமாடிக் கசிவைச் சரிசெய்யக்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும், அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். அப்புறம், டூப்ளெக்ஸ் வாங்குவதானால் பத்திரத்தில் பிரிபடாத பாகம், அதாவது பொது நிலத்தில் உங்கள் பங்கு, எவ்வளவு என்று பாருங்கள்.

அமைதியா? ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்தின் விமானச் சத்தம் இரண்டுக்கும் பொது. அம்மாவுக்கு முழங்கால் வலி. கீழே படுக்கையறை இல்லாத டூப்ளெக்ஸ் என்றால் எனக்குத் தனி வீடுதான்.