சாவியில்லாக் கதவும் உதகைப் பனியும்

கோவையில் இருக்கும் கல்லூரி நண்பன் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டான்: "உன்னிடம் இருக்கும் அதே கார், ஒரு வருடம் ஓடியது, விலை இறங்கி வருகிறது. வாங்கலாமா?" இரண்டு நாள் பொறு என்று சொன்னேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன். மலையில் வீட்டை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட காரின் மேல் ஆசை வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள்.

இரண்டு கதவு, தாழ்ந்த உடல், டர்போ பெட்ரோல் எஞ்சின். வாங்கி இரண்டரை ஆண்டுகள், 31,000 கிலோமீட்டர். எஞ்சினைப் பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். சாதாரண எஞ்சின் இங்கே திணறும். டர்போ காற்றைத் திணித்துக் கொடுப்பதால் இந்தக் காரில் அந்தச் சோர்வு தெரிவதே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். மழை விட்ட மாலையில் பர்லியாறு தாண்டி இரண்டாவது கியரில் ஏறும்போது, முன்சக்கரம் எந்த இடத்தில் ஈரத்தை மிதிக்கிறது என்பது உள்ளங்கைக்கே தெரியும். இறக்கத்தில் பிரேக் ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. எண்ணெய்க் கசிவு இல்லை, கியர்பாக்ஸில் ஒரு முனகல் இல்லை.

கதவுதான் என் உயிரை வாங்குகிறது.

சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே கதவு திறக்கும் வசதி இது. கைப்பிடிக்குள் இருக்கும் ஆன்டெனா, குறைந்த அலைவரிசையில் ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்கு மட்டும் குரல் கொடுக்கும். அருகில் சாவி இருந்தால் அது வேறோர் உயர் அலைவரிசையில் தன் ரகசியக் குறியீட்டைப் பதிலாக அனுப்பும். குறியீடு பொருந்தினால் பூட்டு விலகும். குரல் கொடுக்கச் சொல்லி எழுப்புவது கைப்பிடியில் உள்ள தொடு உணரி. அந்த உணரிக்கு மனிதக் கைக்கும் வழியும் மழைநீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் துன்பத்துக்கெல்லாம் அதுதான் மூலம்.

எங்கள் வீடு உதகையில், காந்தல் பகுதிக்கு அருகில். ஷெட்டுக்குக் கூரை உண்டு, பக்கச் சுவர் இல்லை. ஷெட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரில் அடித்த ஆணியில்தான் சாவி தொங்கும். முதல் வருடம் ஐப்பசி மழையில் ஒரு நள்ளிரவு 'டக்' என்று சத்தம். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் விரிந்தன, விளக்கு எரிந்தது. அரை நிமிடம் கழித்துத் தானாகப் பூட்டிக்கொண்டு கண்ணாடிகளை மடக்கியது. சாரல் கைப்பிடியில் பட்டதும் மறுபடி 'டக்'. விடியும்வரை இதே கதை. அப்படி நான்கு இரவுகள். ஐந்தாம் நாள் பேட்டரி செத்துக் கிடந்தது. புதிய பேட்டரிக்கு நான்தான் பணம் கட்டினேன். அது தேய்மானப் பொருளாம், உத்தரவாதத்தில் வராதாம்.

உத்தரவாதத்தில் கைப்பிடியை இரண்டு முறை மாற்றினார்கள். மாற்றியும் பயனில்லை. நோய் மலையில் இருக்கிறது, வைத்தியர் கோவையில் இருக்கிறார். மலை இறங்கிச் சேரும்போது கைப்பிடி காய்ந்திருக்கும், வெயில் அடிக்கும், கணினியை மாட்டிப் பார்த்துவிட்டு "பிழை எதுவும் பதிவாகவில்லை" என்று சொல்லி அனுப்புவார்கள். மூன்றாவது முறை ஓர் இளம் மெக்கானிக் மட்டும் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். சாவியை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, தெளிப்பானால் கைப்பிடியில் தண்ணீர் அடித்தார். நான்காவது நிமிடம் 'டக்'. இரண்டு வருடத்தில் என்னை நம்பிய முதல் ஆள் அவர்தான்.

அவர் சொன்ன வழி எளியது. இரவில் சாவியை உலோக டப்பாவில் போட்டு இறுக மூடிவிடுங்கள், அலை உள்ளே போகாது என்றார். அம்மா வர்க்கி போட்டு வைக்கும் எவர்சில்வர் டப்பாவைக் காலி செய்து கொடுத்தார். அன்றிலிருந்து மழை இரவுகளில் அமைதி. சாவியின் அலையை வெளியிலிருந்து வாங்கி நீட்டித்துக் காரைத் திருடுகிறவர்களுக்கும் இது தடை என்பதால், ஊர் எதுவானாலும் செய்து வைப்பது நல்லது.

மழையைச் சமாளித்தேன். உறைபனி வேறு மாதிரி. சென்ற ஜனவரியில் அம்மாவின் கண் பரிசோதனைக்குக் காலை பத்து மணிக்குக் கோவையில் இருக்க வேண்டும். விடியுமுன் கிளம்புவதற்காகக் காரை இரவே வாசலில் நிறுத்தியிருந்தேன். ஐந்தரை மணிக்குக் கைப்பிடியைத் தொட்டால் சத்தமே இல்லை. சாவிக்குள் இருக்கும் நாணய பேட்டரி குளிரில் வலுவிழந்திருந்தது. அதைக் கைக்குள் பொத்திச் சூடேற்றிய பிறகு பூட்டு விலகியது, கதவு வரவில்லை. இந்தக் கதவுக்கு மேல்சட்டம் கிடையாது. திறக்கும்போது சன்னல் கண்ணாடி சில மில்லிமீட்டர் கீழே இறங்கி ரப்பரை விட்டு விலக வேண்டும். பனி அந்த ரப்பரோடு கண்ணாடியை ஒட்டிவிட்டது. உள்ளே மோட்டார் 'உம்' என்று முனகியதே தவிர, கண்ணாடி நகரவில்லை. பலமாக இழுத்தால் ரப்பர் கிழியும், கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து விளிம்பில் ஒற்றி எடுத்தேன். அம்மா சால்வையின் முனையால் மறுபக்கம் துடைத்தார். "கேரட் ஏற்றும் ஜீப்புகூடக் கிளம்பிவிட்டது, கண்ணு" என்றார். எழுபத்திரண்டு வயது அம்மாவை உறைபனியில் இருபத்தைந்து நிமிடம் நிற்க வைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது நீர்ப்பனி தொடங்கும்போதே, கார்த்திகைக்கு முன்பாக, ரப்பர் முழுவதும் சிலிகான் கிரீஸ் தடவுகிறேன், சாவியின் பேட்டரியை மாற்றுகிறேன். சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி, கைப்பிடி மூடியைக் கழற்றித் திறக்கும் முறையைப் பகலில் ஒருதடவை செய்து பாருங்கள். சாவியை எங்கே வைத்தால் பேட்டரி இல்லாமலும் எஞ்சின் கிளம்பும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கார் ஒப்படைத்த அன்று மாலை போட்டுப் படம் எடுத்தார்களே தவிர, இதை யாரும் சொல்லித்தரவில்லை.

இத்தனையும் சரி செய்த பிறகு, நேற்று முன்தினம் வரை நண்பனுக்கு 'வாங்கு' என்றுதான் சொல்ல இருந்தேன். நேற்றிரவு நல்ல சாரல். சாவி டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. காலையில் கடைக்குப் போகலாம் என்று சாவியோடு ஷெட்டுக்குள் நுழைந்தேன். கையைக்கூட நீட்டவில்லை, மூன்று தடவை திறந்து மூன்று தடவை பூட்டிக்கொண்டது. என் பதில் இதுதான்: வாங்காதே. இதைவிட நல்ல எஞ்சினை நான் ஓட்டியதில்லை, ஆனாலும் வாங்காதே.

எப்படியும் பார்க்கப் போவாய் என்றால், சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டில் தண்ணீரைக் கைப்பிடியில் மெதுவாக ஊற்றி ஐந்து நிமிடம் காத்திரு. விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.