முட்டிக்கு எந்த செல்? குருத்தெலும்பு செல்லா, மஜ்ஜை செல்லா?

குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அடிபட்டுப் பிய்ந்தால் தானாக ஆறுவது அரிது. அந்தப் பள்ளத்தை வளர்த்த செல்லால் நிரப்பப் பார்ப்பவர்கள் முக்கியமாக இரண்டு இடங்களில் கை வைக்கிறார்கள்: ஒன்று நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு, இன்னொன்று எலும்பு மஜ்ஜை.

முதல் வழி ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் பிறந்தது. 1987-ல் தொடங்கி, முதல் 23 நோயாளிகளின் முடிவு 1994-ல் வெளியானது. முட்டியில் பாரம் அதிகம் விழாத ஓரத்தில் துளியூண்டு குருத்தெலும்பைச் சுரண்டி, என்சைமில் கரைத்து செல்லைப் பிரித்து, சில வாரம் பெருக்கி, இரண்டாவது அறுவையில் வைக்கிறார்கள். சிக்கல் பெருக்கும்போதுதான். உருண்டையாக இருந்த செல் தட்டையான பிளாஸ்டிக் தட்டில் ஒட்டியதும் நீண்டு, நார்த்திசு செல் போல ஆகிவிடும். குருத்தெலும்புக்கே உரிய புரதமான டைப் 2 கொலாஜனைக் குறைத்து, தோலிலும் தசைநாணிலும் உள்ள டைப் 1-ஐச் சுரக்கத் தொடங்கும். தட்டு மாற்ற மாற்ற மோசமாகும். அகரோஸ் ஜெல்லுக்குள் முப்பரிமாணமாக வளர்த்தால் பழைய குணம் ஓரளவு திரும்பும்.

மஜ்ஜை செல்லை, அதாவது குருத்தெலும்பாகவோ எலும்பாகவோ மாறக்கூடிய அங்குள்ள ஸ்டெம் செல்லை, இடுப்பெலும்பில் ஊசி போட்டே எடுத்துவிடலாம். நல்ல குருத்தெலும்பைத் தொட வேண்டியதில்லை. சுமார் இரண்டரை லட்சம் செல்லைச் சுழற்றி, குழாயின் அடியில் படியவைத்து, டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் மூன்று வாரத்தில் கடுகளவு வெள்ளை உருண்டை கிடைக்கும். குருத்தெலும்பை அடையாளம் காட்டும் சாஃப்ரனின் சாயம் போட்டால் ஆரஞ்சுச் சிவப்பாக நிறம் பிடிக்கும். பார்க்க அசல் குருத்தெலும்புதான். ஆனால் அதோடு நிற்காது. எலும்பாகப் போவதன் அடையாளமான டைப் 10 கொலாஜனைச் சுரந்து, செல் ஊதி, சுண்ணாம்பு படியும். வளரும் குழந்தையின் எலும்பு முனையில் குருத்தெலும்பு எலும்பாகும் அதே பாதை.

முட்டியில் குறையான இந்தக் குணம் எலும்பு வேண்டிய இடத்தில் வரம். டெக்ஸாமெத்தசோன், வைட்டமின் சி, பீட்டா கிளிசரோபாஸ்பேட் கலந்த வளர்ப்புத் திரவத்தில் மஜ்ஜை செல் கால்சியத்தைப் படியவைக்கும். அலிசரின் சாயம் அதைச் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். அங்கே இடிப்பது ரத்த ஓட்டம். நுண்குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் போனாலே செல்லுக்கு ஆக்சிஜன் தட்டுப்பாடு. பெரிய துண்டு வைத்தால் நடுவில் செத்துப்போகும். ரத்தமில்லாமலே வாழப் பழகிய குருத்தெலும்புக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஆக, முட்டிக்கு என் ஓட்டு சொந்தக் குருத்தெலும்பு செல்லுக்கே, இரண்டு அறுவை, கூடுதல் செலவு என்றாலும். அமெரிக்காவில் 2016-ல் அனுமதி பெற்ற 'மேசி' முறையில் செல்லைக் கொலாஜன் படலத்தில் ஏற்றி ஒட்டிவிடுகிறார்கள். 144 பேரிடம், 3 சதுர சென்டிமீட்டரும் அதற்கு மேலுமான பள்ளங்களில், எலும்பைத் துளைத்து மஜ்ஜையைக் கசியவிடும் மைக்ரோஃப்ராக்சரோடு ஒப்பிட்டார்கள். இரண்டாண்டு முடிவில் வலியிலும் இயக்கத்திலும் மேசிதான் முந்தியது. தென்கொரியா 2012-ல் அனுமதித்த, தொப்புள்கொடி ரத்த செல்லால் ஆன 'கார்டிஸ்டெம்' ஒரே அறுவையில் முடிகிறது. அதுதான் அதன் கவர்ச்சி.

மேசி அடிபட்ட தனிப் பள்ளத்துக்கானது, முட்டி முழுக்கத் தேய்ந்தவர்களுக்கல்ல. அவர்களை இழுக்கும் 'ஸ்டெம் செல் ஊசி' விளம்பரத்தில் ஒன்றைக் கேளுங்கள்: செல்லை வளர்த்துப் போடுகிறார்களா, எடுத்த அன்றே போடுகிறார்களா? எடுத்த அன்றே என்றால் ஸ்டெம் செல் சொற்பம்தான்: எடுத்த மஜ்ஜையில் பத்தாயிரம் செல்லுக்கு ஒன்று ஸ்டெம் செல்லாக இருந்தாலே அதிகம்.